தொட்டில் பாறையில் பெண் பார்த்த கதை

"தலையைக் குனிஞ்சுகொண்டு நட, பிள்ளை. மாமி கேட்டால் மட்டும் கதை. உன்ர துடுக்கை இண்டைக்கு ஒரு நாளைக்கு மூட்டை கட்டி வை" என்று மகள் சந்திராதேவியின் காதைக் கடித்தார் அம்பிகைபாகன்.

லூபோக் சீனா என்ற ஊரை அடுத்த ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி; கணக்கு வழக்கெல்லாம் அவர் பொறுப்பு. மகளுக்கு வந்த மூன்று சம்பந்தங்களும், "பெட்டைக்குத் துடுக்குக் கூட" என்று தட்டிப்போயிருந்தன. நாலாவதும் போனால் மனைவியின் முகத்தில் விழிக்க முடியாது.

தெங்கேராவிலிருந்து வாடகை மோட்டாரில் வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் கிருஷ்ணவேணி அம்மாளோ ஒரு தினுசான மனுஷி. "வீட்டில வைச்சுப் பொம்பிளை பார்க்கிறது அலுத்துப்போச்சு. தொட்டில் பாறைக்கு ஒரு நடை போய் வருவம்" என்றுவிட்டார்.

குன்றின் உச்சியில் இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே, விழட்டுமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது மூன்றாவது பாறை. அதனடியில் ஓர் ஆள் நுழையும் இடுக்கு. அம்மாள்தான் முதலில் நுழைந்தார்.

"ஐயோ! கால் சிக்கிப்போச்சு! என்னால அசையேலாது!"

அம்பிகைபாகன் ஓரடி முன்னால் வைத்து நின்றுவிட்டார். அந்நியப் பெண்ணின் கையை அவர் எப்படித் தொடுவார்?

"நான் கீழ போய் ஆள் கூட்டிக்கொண்டு வாறன். பிள்ளை, நீ அசையாமல் நில்!"

பிள்ளை எங்கே நின்றாள்? செருப்பை உதறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுக்குக்குள் குதித்துவிட்டாள்.

"கத்தாதேங்கோ மாமி! மூச்சை இழுத்துப் பிடியுங்கோ. குதிக்காலை இப்பிடித் திருப்புங்கோ... என்ர தோளைப் பிடியுங்கோ!"

ஒரே இழுப்பு. இருவரும் பாசியில் சறுக்கி வெளியே வந்து விழுந்தார்கள். சந்திராதேவி வாய்விட்டுச் சிரித்தாள். அம்பிகைபாகன் கண்ணை மூடிக்கொண்டார்.

இறங்கும்போது அம்மாள் விடுவிடென்று முன்னால் நடந்தார். "பிள்ளை கொஞ்சம் துடுக்கு... குறை நினைக்கவேண்டாம்" என்று மென்று விழுங்கினார் அம்பிகைபாகன். அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடையை எட்டிப் போட்டார். இதுவும் போச்சு என்று அவருக்கு அழுகையே வந்தது.

அடிவாரத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பிச்சைமுத்து, அம்மாளைக் கண்டதும் அரிவாளைக் கீழே வைத்தான்.

"என்னங்கம்மா, இந்தத் தடவ வெரசா எறங்கிட்டீங்களா! முன்ன கூட்டியாந்த ஆறு பொண்ணுங்களும் குனிஞ்ச தல நிமிராம நின்னுச்சுங்க. நான்தானே வந்து உங்களக் கயிறு போட்டு இழுத்தேன்?"

கிருஷ்ணவேணி அம்மாள் அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியாமல், சந்திராதேவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கலியாணத்துக்கு இளநீர் நீதான் கொண்டுவரவேணும், பிச்சைமுத்து. இனி என்ர கால் அங்க சிக்காது!"