கோணல் மூலை

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் வகுப்பு முடிந்து, பெண்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கடைசி மேஜைக்காரர் மட்டும் அசையவில்லை. நாள் முழுக்க நின்றதில் டீச்சருக்கு இடுப்பு ஒடிந்தது.

“இன்னிக்கும் மூலை சேரலையா?”

“கைக்கு வர மாட்டேங்குது, டீச்சர்.”

“மத்தவங்க போர்வையே முடிச்சிட்டாங்க. நீங்க இன்னும் முதல் சதுரத்துலயே குடித்தனம் பண்றீங்க.”

அலுப்போடு பக்கத்தில் உட்கார்ந்து, துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். கோணலாக ஓடிய தையலுக்குப் பக்கத்தில், கோடு போட்டது போல நேராக ஒரு வரிசை ஊசித் துளைகள்.

“முதல்ல ஒழுங்காத்தானே தைச்சிருக்கீங்க! அதைப் பிரிச்சுட்டு வேணும்னே கோணலா தைச்சிருக்கீங்க. என் உயிரை வாங்கணும்னே வர்றீங்களா?”

குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கோணல் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அவர் தலை நிமிரவில்லை. “ரிட்டயர் ஆனதும் சம்சாரத்தோட உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம்னு நெனச்சேன். அவளுக்குப் பொழுது விடிஞ்சா தையல், பொழுது சாஞ்சா தையல். கட்டில்ல துணி, சாப்பாட்டு மேஜையில துணி. பேச்சுக் குடுத்தா, ஊசியை வாயில கவ்விக்கிட்டு ‘உம்’ங்கிறா. இங்க தப்பாத் தைச்சா, பக்கத்துல வந்து உட்கார ஒரு ஆள் இருக்கு.”

டீச்சர் வாயிலிருந்த குண்டூசியை மெதுவாக எடுத்தாள்.

“எழுந்திரிங்க, போகலாம். வீட்டுச் சாவி உங்க பாக்கெட்லதானே இருக்கு? போனதும் முதல் வேலையா அந்தச் சாப்பாட்டு மேஜையை ஒழிச்சுடறேன்.”