ஒழுகாத கிளிப்

"நிச்சயமா ஒழுகாதா? நன்னாப் பார்த்துச் சொல்லுப்பா. இது உசிர் விஷயம்."

யக்ஞநாராயணன் கிளிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்த தசரதன், ஒரு ஹோஸ் கிளிப்புக்காக இப்படித் தவிக்கும் மனிதரை அன்றுதான் பார்த்தான்.

"இன்னா வண்டி சார்?"

"வண்டி இல்லப்பா. ஏரோப்ளேன்."

தசரதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேங்கிலிருந்து ரிட்டயரான மனிதர், பழைய கார் இன்ஜின் ஒன்றைப் போட்டு வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டியிருக்கிறாராம். நேற்று மேடவாக்கம் பொட்டலில் கிளப்பும்போது ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் கழன்று வெந்நீர் பீய்ச்சியடிக்க, பறப்பது இன்றைக்குத் தள்ளிப் போயிருந்தது.

"டெல்லியிலேர்ந்து பர்மிஷன் வேற வந்துடுத்து" என்றார், சாவுச் செய்தி சொல்வது போல. "குடுக்கவே மாட்டான்னுதான் எல்லாரும் சொன்னா. குடுத்துட்டான். காலனி பூரா அங்கே காத்துண்டிருக்கு. வீடியோ கேமராக்காரன் கூட வந்தாச்சு."

வாசலில் நின்ற ஆட்டோவில் அவர் மனைவி ஞானாம்பாள் மடியில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக உட்கார்ந்திருந்தாள். "இருக்கறதுலயே ஒசத்தியா வாங்குங்கோ! ராகுகாலத்துக்கு முன்னாடி கிளப்பியாகணும்!"

தசரதன் மனசு இளகிவிட்டது. மேலே போனபிறகு கிளிப் கழன்றால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? திருகி இறுக்கும் ஸ்டீல் கிளிப்பை ஒரு ஹோஸில் மாட்டி, மறுமுனையை அடைத்து, காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினான்.

ஒரு குமிழியாவது வருகிறதா என்று யக்ஞநாராயணன் மூக்கு நனையக் குனிந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வேற காட்டு."

"இதுவும் கெட்டி சார். பாரு, ஒரு பொட்டு காத்து வர்ல."

"வேற இல்லையா?"

கடையிலிருந்த அத்தனை ரகமும் தொட்டியில் மூழ்கி எழுந்தன. எதிலும் குமிழி இல்லை. பெரியவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தசரதனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தன் சொந்த வேனுக்கென்று ஒளித்து வைத்திருந்த ஜெர்மன் கிளிப்பை எடுத்து அவர் கையில் திணித்தான்.

"இத்த எடுத்துக்கினு போ சார். ஹோஸ் கிழிஞ்சாலும் கிழியும், இது கழலாது. காசெல்லாம் வாணாம். தைரியமா பறந்துட்டு வா."

யக்ஞநாராயணன் ஒருமுறை ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். ஞானாம்பாள் எலுமிச்சம்பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கல்லாவின் மேல் சாய்ந்து, தசரதனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, காதோடு கெஞ்சினார்.

"உனக்குக் கோடிப் புண்ணியம்ப்பா, கிளப்பின உடனே ஒழுகற மாதிரி ஒண்ணு குடேன்!"