சின்னச் சொல்

“அண்டைக்குக் கொழும்பிலை நடந்தது வெறும் கலவரம்தான், இளையதம்பி. சாமான் விலை தாங்கேலாமல் சனம் கல்லெறிஞ்சது” என்றார் எட்வேர்ட் மாஸ்டர்.

“இல்லை மாஸ்டர். ஆட்சியைக் கவிழ்க்கவெண்டே போனவங்கள். அது கிளர்ச்சி.”

மாஸ்டரின் மனைவி சீலா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

“கிளர்ச்சி எண்டால் ஆயுளுக்கும் சிறையிலை மறியல். கலவரம் எண்டால் ரெண்டு மூண்டு வருசத்திலை பெடியன் வீட்டை வந்திடுவான். நாளைக்கு விசாரணையிலை எங்களையும் கேப்பினம். ரெண்டு பேரும் ஒண்டாய்ச் சொல்லுவம்.”

“என்னாலை ஏலாது. ஒரு பிள்ளை செத்திருக்கு. அது சில்லறைக் கலவரத்திலை போன உயிர் எண்டு ஆகக்கூடாது.”

“பிடிவாதம் பிடியாதையும்!”

இளையதம்பி எழுந்து செருப்பை மாட்டினார். ‘வாறன்’ என்று சொல்லாமலே படியிறங்கினார். செத்த வீட்டில் அப்படிச் சொல்வதில்லை.

சுவரில் பொலிஸ் சீருடையோடு சிரித்துக்கொண்டிருந்தான் எட்வேர்ட் மாஸ்டரின் ஒரே மகன் டிலான். அவனைக் கொன்ற கூட்டத்தில் நின்று பிடிபட்டவன்தான் இளையதம்பியின் மகன் யதுசன்.

மாஸ்டர் வாசல் படலை வரை பின்னால் வந்தார்.

“உம்மடை பிள்ளை உள்ளுக்கை கிடந்தால் என்ரை பிள்ளை எழும்பி வருவானே?”

இளையதம்பி திரும்பிப் பார்க்க முடியாமல் படலையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

மாஸ்டர் அவருடைய தோளில் கை வைத்தார்.

“‘யதுசனைக் கூட்டிக்கொண்டு ஒருநாளைக்கு வாறன்’ எண்டு சொல்லிப்போட்டுப் போம்.”