மாமா என்ன சொல்றார்?

காது கேட்காத பிள்ளைகள் இல்லத்துக்குப் பெயிண்ட் கடைக்காரர் மைக் செட்டோடு வந்து இறங்கினார். மைக் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நன்கொடை கொடுக்க வந்தவரிடம் யார் போய்க் கேட்பார்கள்?

“சத்தமில்லாம ஒரு எட்டு போய் அந்தப் பிள்ளைங்களைப் பார்த்துட்டு வந்துடலாங்க” என்றுதான் அவர் மனைவி சொல்லியிருந்தாள். காது கேட்காத அவளுடைய தம்பி இறந்து அன்றோடு ஒரு வருஷம். ஆனால் அவர் வியாபாரிகள் சங்கத் தலைவர். சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

பிள்ளைகள் ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேசப் பேச, பக்கத்தில் நின்ற டீச்சர் சைகையில் சொல்லிக்கொண்டு வந்தாள். மனைவி எல்லோருக்கும் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

“நீங்கள்லாம் பாவப்பட்ட பிள்ளைங்க” என்று ஆரம்பித்தார். “பெத்தவங்களே வேணாம்னு விட்டுட்டுப் போனவங்க.”

பிள்ளைகள் அவரைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார்கள்.

“கேட்கக் காது இல்ல. பேச வாய் இல்ல. உங்களுக்குன்னு ஒருத்தரும் இல்ல.”

ஹால் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எங்க வீட்லயும் உங்களை மாதிரி ஒருத்தன் இருந்தான். என் மச்சினன். அவனை என் கூடப் பிறந்த தம்பியாத்தான் பார்த்தேன்.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கர்சீப்பை எடுத்தார்.

பிள்ளைகள் அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு குட்டிப் பெண் ஓடிவந்து, எக்கி நின்று, குனிந்த அவர் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பேச்சு அதோடு முடிந்தது.

“நான் அழறேன், அவங்க டாட்டா காட்டுறாங்க. இதுதான் நீங்க சொல்லிக் கொடுக்கிற மரியாதையா?” என்று வராந்தாவில் டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். சின்னப் பிள்ளைங்க.”

“நான் சொன்னதை ஒழுங்கா சொன்னீங்களா?”

“சொன்னேன் சார்” என்றாள் டீச்சர். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

காரில் ஏறியும் அவருக்கு ஆறவில்லை.

“உனக்குத்தான் அந்தக் கை பாஷை தெரியுமே. நான் சொன்னதைத்தான் அவ சொன்னாளா?”

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ வாயைத் திறக்க மாட்டே. இல்லத்துச் செயலாளர் நமக்கு வேண்டியவர்தான். ஒரு போன் போட்டா போதும், அந்த டீச்சர் நாளைக்கு வேற வேலை தேட வேண்டியதுதான்.”

போனைக் கையில் எடுத்துவிட்டார்.

“போனை வைங்க” என்றாள் மனைவி. “அவங்க நீங்க சொன்னதைச் சொல்லல.”

“அப்படிச் சொல்லு.”

“பெத்தவங்க வேணாம்னு விட்ட பிள்ளைங்கன்னு நீங்க சொன்னீங்க. ‘உங்களைப் பார்க்கணும்னு இவர் கடையை மூடிட்டு ஓடி வந்திருக்கார்’னு அவங்க சொன்னாங்க. காது இல்ல, வாய் இல்லன்னு சொன்னீங்க. ‘இவர் கடையில எல்லாக் கலரும் கிடைக்கும், இவர் தலைக்கு மட்டும் கறுப்புதான் அடிப்பார்’னு சொன்னாங்க.”

அவர் கை தானாகத் தலைக்குப் போனது.

“ஒண்ணே ஒண்ணைத்தான் நீங்க சொன்னபடியே சொன்னாங்க. என் தம்பியைப் பத்திச் சொன்னீங்களே, அது. பிள்ளைங்க டாட்டா காட்டல. அவங்க கைதட்டுறது அப்படித்தான். அந்தக் குட்டி உங்களைத் தேத்த வந்தா.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்க சொன்னதுல அதுதான் பொய்னு டீச்சருக்குத் தெரியாது, பாவம்.”

“பொய்யா? என்ன பேசறே நீ? வீட்டுக்கு வந்தவனை நான் என்னிக்காவது போன்னு சொல்லியிருக்கேனா?”

“சொன்னதில்ல. ‘நாலு பேர் வர்ற நேரம், இவனைப் பின்கட்டுல உட்கார வை’ன்னு சொல்லுவீங்க. ‘மாமா என்ன சொல்றார்?’னு அவன் என் கையையே பார்ப்பான். ‘உள்ள நல்லாக் காத்து வருதாம், உன்னை அங்க உட்காரச் சொல்றார்’னு சொல்லுவேன். அவனும் சந்தோஷமாப் போய் உட்காருவான். நான் உங்களுக்கு மனைவியா இருந்ததை விட, அந்த டீச்சர் இன்னிக்குப் பார்த்த வேலையைத்தான் இத்தனை வருஷமாப் பார்த்திருக்கேன்.”

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“ஆஸ்பத்திரியிலயும் உங்களைத்தான் கேட்டான், மாமா வரலையான்னு. நீங்க சங்கத்து மேடையில பேசிட்டு இருந்தீங்க. ‘வெளியில நிக்கிறார், உன்னை இப்படிப் பார்த்தா அழுதுடுவாராம்’னு சொன்னேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“கையைத் தூக்கத் தெம்பு இல்ல அவனுக்கு. விரலை மட்டும் அசைச்சு, ‘மாமாவை அழ வேணாம்னு சொல்லு’ன்னான். அதுதான் அவன் கடைசியாப் பேசினது. ஒரு வருஷமா உங்ககிட்ட சொல்லணும்னுதான் பார்க்கிறேன். மனசே வரல.”