சிவப்பில் வராத பெயர்

“அம்மா, நாளைக்கு டப்பா கட்டாத, கேன்டீன்ல சாப்ட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் படுத்த யாழிசை மறுநாள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏனென்று அவளுடைய அம்மா தமயந்திக்குத் தெரியவில்லை.

மகள் படித்த கல்லூரியிலேயே தமயந்தி புள்ளியியல் பேராசிரியை. படிப்பைப் பாதியில் விடக்கூடியவர்களை, வருகைப் பதிவை வைத்துக் கணினி சிவப்பில் காட்டும். வெள்ளிதோறும் அவர்களுடைய பெற்றோரை அவள்தான் அழைத்துப் பேசுவாள். மகளின் பெயர் ஒருநாளும் சிவப்பில் வந்ததில்லை.

காரியம் முடிந்தபின் வந்த சக ஆசிரியர் தலை நிமிரவில்லை. “மூணு மாசமா அவ கிளாசுக்கே வரல மேடம். உங்க பொண்ணாச்சேன்னு நாங்கதான் பிரசன்ட் போட்டு விட்டோம்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்.”

“ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் போன் போடுற உங்ககிட்ட எப்படி மேடம்...”

அவர் போனபின் கணினியில் மகளின் பக்கத்தைத் திறந்தாள். அழைக்க வேண்டிய எண் என்ற கட்டத்தில் தமயந்தியின் எண் இருந்தது.