கடைசி பெஞ்சிலிருந்து ஒரு டவுட்டு

யமுனாவுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருந்தபோது, முன்வரிசைப் பையன்கள் மூன்று பேர் பையைத் தோளில் மாட்டினார்கள்.

திருப்பதியில் என் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் ஆசிரியர் வேலைக்கு ஒரே சட்டம்தான். இலவச டெமோ வகுப்பு முப்பது நிமிடம். அதற்குள் ஒரு மாணவர் எழுந்து போனாலும் அந்த ஆசிரியருக்கு வேலை கிடையாது. பாவம் புண்ணியமெல்லாம் பார்க்க மாட்டேன். இந்த மாதம் மட்டும் நான்கு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தறி ஊரான நகரியிலிருந்து வந்த யமுனா ஐந்தாவது ஆள்.

‘நகரியில் நெய்த சேலை’ என்பதை ஆங்கிலத்தில் நீளமாகப் பலகையில் எழுதி, நடுவிலிருந்த ‘விச் வாஸ்’ என்ற இரண்டு சொற்களை அழித்தார். அழித்தாலும் அர்த்தம் மாறாது என்றார். குரல் நடுங்கியது.

போச்சு என்று நினைத்தேன்.

அப்போது கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“மேடம், ஒரு டவுட்டு. அத்த அழிச்சிட்டா எந்த சேலன்னு எப்பிடித் தெரியும்?”

வகுப்பே சிரித்தது. யமுனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

‘நேற்று வாங்கிய சேலை’ என்று தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொன்னார். இதில் ‘விச்’ எங்கே இருக்கிறது, வீட்டில் யாராவது குழம்புகிறோமா என்று கேட்டார்.

பையன்கள் பையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள்.

பஞ்சுத் தலைக்காரர் விடுவதாக இல்லை. ஆளைச் சொல்லும்போது ‘ஹூ’வை அழிக்கலாமா, ஓடுகிற பஸ்ஸுக்கு எப்படி என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். யமுனாவிடமிருந்து பதில் பட்பட்டென்று வந்தது. பிள்ளைகள் போட்டி போட்டு வாக்கியம் சொன்னார்கள்.

முப்பது நிமிடம் நாற்பத்தைந்தாகியும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் மையத்தில் இப்படி ஒரு வகுப்பு நடந்து எத்தனை நாளாயிற்று! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திங்கட்கிழமையே வேலையில் சேரச் சொன்னேன். யமுனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

நானும் தொழிலை விடவில்லை. இவ்வளவு ஆர்வமுள்ள மாணவரை யாராவது கைநழுவ விடுவார்களா? சேர்க்கைப் படிவத்தை எடுத்து, அந்தக் கடைசி பெஞ்சு ஆளைக் கூப்பிடுங்கள், இன்றே சேர்த்துக்கொள்கிறேன் என்றேன்.

யமுனா வெட்கத்தோடு வாசல் பக்கம் பார்த்தார்.

“அவரு சேரமாட்டாரு சார். நான் இங்க வந்துட்டா, வூட்ல பாப்பாவ யாரு பாத்துக்கறது?”