பதினோரு விநாடி

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழ வேண்டும். யாராவது தொட்டால் கணக்கில் சேராது. முதியோரின் தளர்ச்சியை அளக்க வடக்குத் தாய்லாந்தின் லம்பாங் கிராமங்களைச் சுற்றும் சுனிசாவுக்கு இது பழகிய சோதனை. போன வருடம் புவாகேவ் அம்மா இரண்டாவதிலேயே சரிந்துவிட்டாள். இந்த முறையும் முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு பாங்காக்குக்கு அழைத்துப் போவதென்று மகள் அரன்யா காரோடு வந்திருந்தாள்.

அம்மா ஐந்து தடவையும் எழுந்தாள். பதினோரு விநாடிதான் ஆனது.

"யாரும் பிடிச்சுக்கலையேம்மா?" படிவத்தில் இருந்த கேள்வியை சுனிசா கேட்டாள்.

அம்மா மகளைப் பார்த்தாள். "உங்கப்பாதான். இருந்தப்ப ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்ததில்ல. இப்ப என் முழங்கைய விடமாட்டேங்கிறாரு."

"அப்பா போய் மூணு வருஷமாச்சும்மா."

"அத அவருகிட்டயே சொல்லு."

அரன்யா சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, இங்கேயே இரு," என்றாள்.

சுனிசாவுக்கும் மனம் லேசானது. உதவி இல்லை என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். அம்மாவின் இரு கைகளும் மடியில் இருந்தன; ஆனாலும் இடது சட்டைக்கை முழங்கையருகே நான்கு விரல் அகலத்துக்கு அழுந்தியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த மடிப்புகள் ஒவ்வொன்றாக மெல்ல விடுபட்டன.